அம்பு ஒட்டாத இடங்கள்

ஆன்லைன் கோர்ஸ் என்றால் என்ன என்று ஜஹீருன்னிசா ஆபாவுக்கு நான் மூன்று தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை அவருக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"வாத்தியாரு அமெரிக்காவுல. நீ ஆம்பூர்ல. அப்ப கிளாஸ் எங்க நடக்குது?"

"எங்கயும் நடக்கல ஆபா. அவங்க பாடத்த எழுதி ஒரு எடத்துல வெச்சிடுவாங்க. நான் டைம் கெடைக்கறப்ப போய்ப் படிச்சிட்டு, பதில எழுதி அதே எடத்துல வெச்சிட்டு வந்துடுவேன்."

"நம்ம ரேக் மாதிரி."

ரேக்கேதான். எங்கள் ஷூ ஃபேக்டரியில் தையல் லைனில் முடிந்த மேல்பாகங்களை ரேக்கில் வைப்பார்கள். அடுத்த பிரிவுக்காரர்கள் தங்களுக்கு வசதிப்பட்டபோது எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டியதில்லை. உருதுவில் ஆபா என்றால் அக்கா. அவர் அங்கே இருபது வருடமாகத் தைக்கிறார். வாத்தியாரும் மாணவியும் சந்திக்காமலே வகுப்பு நடக்கும் என்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அது 2008 ஜூன். நான் அங்கே தரப் பரிசோதனையில் இருந்தேன். ஒருவரை ஷூ டிசைன் படிக்க ஒரு வருடம் இங்கிலாந்துக்கு அனுப்பக் கம்பெனி முடிவு செய்திருந்தது. பட்டியலில் முதல் பெயர் கிருபா, அதாவது நான். இரண்டாவது, என்னோடு வேலை செய்யும் ஷாஜின். இங்கிலாந்துக் கல்லூரி ஒரு நிபந்தனை போட்டது: நான் படித்ததெல்லாம் அறிவியல், ஜூலை முடிவதற்குள் கலைப் பாடம் ஒன்றில் தேறிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் ஷாஜினுக்கு. அன்றிலிருந்து ஷாஜின் தினமும் காலையில் என் உடல்நலத்தை அக்கறையாக விசாரிக்கத் தொடங்கினான்.

அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி கோடைக்காலத்துக்கென்று ஐந்து வார வகுப்புகளை இணையத்தில் நடத்தியது. அவர்களுடைய கோடை நமக்குக் கத்திரி முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பஜாரில் ரஃபி அகமதுவின் நெட் சென்டரில் உட்கார்ந்து பாடங்களின் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கடலியல், மரபியல், கிரேக்க நாடகம், நெறிமுறைத் தத்துவம், பூகம்பங்கள். ஒரே பக்கத்தில் எல்லாம் வரிசையாக, ஓட்டல் பலகையில் எழுதியது போல. கடலியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிபந்தனை நினைவுக்கு வந்து, 'அன்றாடப் பொருட்களின் வரலாறு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

மதிப்பெண் கணக்கு இப்படி: வாரத் தேர்வுகளுக்கு நாற்பது, சொந்தக் கட்டுரைக்கு நாற்பது, சக மாணவர் ஒருவரின் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதுவதற்கு இருபது. தேற எழுபது வேண்டும். வாரத் தேர்வுகளில் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன். கட்டுரையில் சுமாராக எழுதினாலும், கருத்துக்கான இருபதில் பெரும்பகுதி வந்துவிடும் என்று நம்பினேன். குறை கண்டுபிடிப்பதுதானே என் தொழில்?

எனக்கு வந்த கட்டுரை டைலர் என்ற பத்தொன்பது வயதுப் பையனுடையது. அவன் அப்பா கொடுத்த, பந்து பிடிக்கிற தோல் கையுறையைப் பற்றி எழுதியிருந்தான். தோல்! எனக்கு ஒரே குஷி.

நாங்கள் ஷூவைப் பரிசோதிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பிறகு முனை, பக்கங்கள், பின்தையல். கடைசியில் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். குறை உள்ள இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். குறைகள் மூன்று வகை. நூல் நீட்டிக்கொண்டிருந்தால் சிறியது. இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால் பெரியது. உள்ளே உடைந்த ஊசி இருந்தால் ஆபத்தானது, ஏனென்றால் அது போடுகிறவர் காலைக் குத்தும்.

அதே ஒழுங்கில் டைலரின் கட்டுரையைப் பரிசோதித்து எழுதினேன்.

'முதல் பத்தி: நூல் தொங்குகிறது. சிறிய குறை. இரண்டாம் பத்தி: கையுறை 1970இல் வாங்கியது என்கிறீர்கள். ஐந்தாம் பத்தியில் 1975இல் தயாரானது என்கிறீர்கள். ஜோடி சேரவில்லை. பெரிய குறை. நான்காம் பத்தி: "என் அண்ணனுக்கு எதையும் உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால்தான் அப்பா எனக்குக் கொடுத்தார்." கையுறையின் வரலாற்றுக்கு இந்த வாக்கியம் தேவையில்லை. உடைந்த ஊசி. ஆபத்தான குறை. முடிவு: ரீவொர்க்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலை பேராசிரியை வில்கின்ஸிடமிருந்து மெயில் வந்திருந்தது. டைலர் மிகவும் மனம் வருந்திப் புகார் கொடுத்திருந்தானாம். சக மாணவரை மரியாதையாக நடத்துவது வகுப்பின் விதி. ஞாயிறு இரவுக்குள் நான் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் அந்த இருபதுக்கும் பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் கட்டுரையில் நாற்பதுக்கு முப்பத்தொன்பது வாங்கியாக வேண்டும். நான் வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஷாஜினுக்கும் தெரிந்துவிடும்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் ரஃபி. சொன்னேன்.

"இதுக்கா பேஜார்? சாரி லெட்டர் ரெடியா இருக்குது. லீவ் லெட்டர், சாரி லெட்டர் எல்லாம் சேவ் பண்ணி வெச்சிருக்கேன். பேரு மட்டும் மாத்துனா போதும்."

திறந்து காட்டினார். கடும் காய்ச்சல் காரணமாக நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன் என்று இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"எல்லாருக்கும் காய்ச்சல்தான் மேடம் போடறேன். இதுவரைக்கும் ஒருத்தனும் திருப்பிக் கேட்டதில்ல."

காய்ச்சல் போட எனக்கு மனம் வரவில்லை. எழுதியது எதுவும் தப்பில்லை. பிறகு அந்தப் பையன் ஏன் வருந்தினான்? எந்த இயந்திரம் நின்றாலும் எங்கே நின்றது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. இதுவும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை தரப்பிரிவு இன்சார்ஜ் கோதண்டராமன் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"கரெக்டாத்தானே போட்டிருக்கே. ரீவொர்க்னு போட்டதுக்கு நம்ம லைன்ல எவனாச்சும் அழுதானா?"

பக்கத்து மிஷினில் இருந்த ஜஹீருன்னிசா ஆபா தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் அழுதேன் சார். சேர்ந்த புதுசுல. ஒரே பீஸ்ல ஏழு அம்பு ஒட்டிட்டீங்க."

"ஏழா? இருக்காதும்மா."

"ஏழு. வூட்டுக்குப் போய் எண்ணி எண்ணி அழுதேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, அம்பு ஒட்டுனா பயமே இல்லன்னு. அம்பு ஒட்டாம தனியா எடுத்து வெச்சா, அதுதான் கத்திக்குப் போற பீஸ்."

அவர் சொன்னது சரி. தேறாத ஷூவைச் சரிசெய்ய முடியாது. வெளியே போய் விற்கப்படாமல் இருக்க நடுவில் கீறிப் போட்டுவிடுவார்கள். கீறப் போகிற ஷூவில் யாரும் அம்பு ஒட்டி மெனக்கெடுவதில்லை. அம்பு இருக்கிறதென்றால் அந்த ஷூ பிழைக்கும்.

"இன்னொண்ணு" என்றார் ஆபா. "நீ அம்பு ஒட்டுனா பீஸ எடுத்துக்கினு நேரா என்னாண்ட வருவே. இங்க பாரு ஆபா, மத்ததெல்லாம் சூப்பரா வந்திருக்கு, இந்த ஓரம் மட்டும்னு காட்டுவே. அந்தப் பையனுக்கு வெறும் அம்புதானே போச்சு?"

அங்கேதான் இயந்திரம் நின்றிருந்தது. நல்ல இடத்தில் நாங்கள் எதுவும் ஒட்டுவதில்லை. ஒட்டாத இடமெல்லாம் நல்ல இடம் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். டைலருக்கு எப்படித் தெரியும்? அவன் வெள்ளைத் தாளில் அம்புகளை மட்டுமே பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து விளக்கத்தைத் தாளில் எழுதினேன். அவர்களுடைய ஞாயிறு இரவு 11.59 என்பது நமக்குத் திங்கள் காலை 9.29. நாம் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அங்கே நேற்று முடிந்திருக்காது. ஆகவே திங்கள் காலை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு நெட் சென்டருக்குப் போனேன்.

அம்பு என்றால் என்ன, கத்தி என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன். பிறகு அம்பு ஒட்டாத இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா கையுறைக்கு எண்ணெய் தடவும் வாசனையை எழுதிய இடம் மிக நன்றாக இருந்தது. எண்ணெய் ஏன் தோலை மிருதுவாக்குகிறது என்றும் சேர்த்தேன்: தோல் என்பது பின்னிக்கிடக்கும் நார்கள், காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் நடுவில் போனால் வழுக்கி அசையும். உடைந்த ஊசியைப் பற்றியும் எழுதினேன். ஊசி உடைந்தால் எங்கள் லைனில் யாரையும் திட்ட மாட்டார்கள். எல்லாத் துண்டுகளையும் தேடிப்பிடித்து, தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். உங்கள் அண்ணன் இதைப் படித்தால் குத்தும் என்பதால்தான் சொன்னேன், ஆனால் அருகில் வந்து சொல்லாதது என் தவறு என்று முடித்தேன்.

ஒன்பது மணிக்கு வழக்கமான மின்வெட்டு. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பத்து நிமிஷம் தாங்கும் மேடம். ஜாஸ்தி யோசிக்காதீங்க, அடிங்க!" என்று ரஃபியும் கத்தினார். 9.08க்கு அனுப்பினேன்.

புதன்கிழமை இரண்டு மெயில்கள் வந்தன. ஒன்று பேராசிரியையுடையது: புகாரை டைலரே திரும்பப் பெற்றுவிட்டான், கருத்துக்கு இருபதுக்குப் பதினேழு. மற்றது டைலருடையது. திருத்திய கட்டுரையை இணைத்திருந்தான். மேலே இரண்டே வரி.

'ஊசியைத் தேடினேன். மூன்று துண்டுகளாக இருந்தது. நீங்கள் ஒன்றைத்தான் பார்த்தீர்கள். மூன்றையும் எடுத்துவிட்டு, கட்டுரையை அண்ணனுக்கு அனுப்பினேன்.'

பழைய பிரதியை எடுத்து மறுபடி படித்தேன். முதல் பத்தியில் ஒரு அடைமொழி, கடைசிப் பத்தியில் ஒரு கிண்டல். இரண்டும் அண்ணனைப் பற்றித்தான். நான் கையை உள்ளே விட்டுச் சரியாகத் தடவவில்லை.

"ரெண்டு துண்டு மிஸ் பண்ணிட்டியா?" என்றார் கோதண்டராமன் சார். "இங்கிலாந்துல போய் நம்ம மானத்த வாங்கிடாதே."

என் சொந்தக் கட்டுரைக்குப் பொருளாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரையே எடுத்துக்கொண்டேன். இருபத்தொன்பது கிடைத்தது. மொத்தம் எழுபத்தேழு. ஷாஜின் உண்மையாகவே கைகுலுக்கி வாழ்த்தினான். உடல்நலம் விசாரிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டான்.

சான்றிதழை ரஃபியிடம்தான் பிரிண்ட் எடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே மங்கலாக ஒரு கறுப்புக் கோடு தாளின் ஓரம் வரை ஓடியது. கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் எப்போதும் இருக்கும். ஒன்றைக் கிழித்து, கோட்டைக் காட்டி ஒட்டி அவரிடமே நீட்டினேன்.

"இன்னா மேடம் இது?"

"லெட்டரெல்லாம் பளிச்சுனு வந்திருக்கு பாய். தாளும் நல்ல தாளு. இந்த ஓரம் மட்டும் பாருங்க."

ரஃபி அந்த அம்பை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பிரிண்டரைத் திறந்து, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.