தவளை இல்லை என்று எழுதியவன்

மரத்தவளைகளைப் பற்றி என்னிடம் யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு, அவர்கள் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். "நடுவுல கொஞ்சம் மூச்சும் விடுங்க," என்பாள் என் மனைவி. பன்னிரண்டு வருடம் தவளை ஆராய்ச்சி செய்தவன் வேறு எதைப் பேசுவானாம்?

என் தவளை கட்டைவிரல் அளவுகூட இல்லாத பச்சைப் பொடியன். உலகத்திலேயே மூன்று மலைச்சரிவுகளில்தான் உண்டு. மூன்றாவது சரிவு என் பொறுப்பு. ஐந்து வருடமாக மழை தொடங்கியதும் மாலையில் அங்கே போய் உட்காருவேன். ஒரு சத்தமும் கேட்காது. கணக்கெடுப்புப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவேன். ஆறாவது முறையும் 'இல்லை' என்றால் அந்தச் சரிவு பாதுகாப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். கல் உடைக்கும் கம்பெனிக்காரன் அடிவாரத்தில் ஷெட்டே போட்டுவிட்டான்.

இந்த நேரம் பார்த்து என் தொண்டை கட்டிக்கொண்டது. "பத்து நாள் வாயே திறக்கக் கூடாது," என்றார் டாக்டர். என் மனைவி அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள்.

அப்படியே காட்டுக்குப் போனேன். ஜீப் ஓட்டும் அண்ணன் வழக்கம்போலத் தார்ப்பாயை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும், தலைக்கு மேலே 'டிக் டிக்' என்றது. பிறகு எதிர் மரத்தில். பிறகு ஓடையோரம் முழுக்க. பதினேழு குரல் எண்ணினேன். கத்த முடியாததால் அழுதேன்.

ஜீப்பில் ஏறியதும் நோட்டில் எழுதிக் காட்டினேன்: 'அண்ணே, திரும்பி வந்துடுச்சு!'

அவர் தயங்கினார். "எங்க சார் போச்சு, திரும்பி வர்றதுக்கு? வருஷா வருஷம் கத்திக்கிட்டுதான் இருக்கு. அது எப்படிக் கத்தும்னு நீங்க எனக்கு விளக்கிக்கிட்டே இருப்பீங்க, அது கப்சிப்னு ஆயிடும். நீங்க ஜீப்புக்குப் போனப்புறம் நான் தார்ப்பாயை மடிப்பேன்ல, அப்ப ஆரம்பிக்கும்."

'ஏன் சொல்லல?' தாள் கிழிய எழுதினேன்.

"எங்க சொல்ல விட்டீங்க? வாயைத் திறந்தாலே, 'தவளையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்கண்ணே'ம்பீங்க."

சொல்லியிருக்கிறேன். அச்சு அசலாக அதே வார்த்தைகளில்.

மறுநாள் ஆபீஸில் புதுப் படிவத்தில் 'பதினேழு' என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அஞ்சு வருஷமா இல்லாதது வழி தவறி வந்திருக்கு, அடுத்த வருஷம் போயிடும் என்பான். பழைய படிவங்கள் ஐந்தையும் வரவழைத்து ஒவ்வொரு 'இல்லை'யையும் அடித்தேன். திருத்தத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. பனிமூட்டம், கருவிக் கோளாறு, என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன். கடைசியில் ஐந்திலும் ஒரே வரி: 'கணக்கெடுக்க வந்தவர் வாயை மூடவில்லை.'

கீழே என் பட்டங்களை எல்லாம் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணனிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தைகூட மாற்றச் சொல்லவில்லை.