பெட்டியோடு பசறைக்குப் போன புத்தகம்

துவாரகா டீச்சர் எழுதிய சிறுவர் கதைகளை 2006இல் கனடாவில் ஒரு பதிப்பகம் மின்னூலாக வெளியிட்டது. பசறையில் அவளிடம் படிக்கும் பிள்ளைகள்தான் கதைகளில் வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் அவர்களே நூலை வாசிப்பதாக ஏற்பாடு. கையெழுத்துப் பிரதி கனடாவுக்குத் தபாலில் போய்விட்டது. வீட்டில் கணினியும் இல்லை. பதுளையில் காமிலாவின் கணினிக் கடைக்குப் போய் நூலை இறக்கினாள்.

திறந்ததும் முகம் வாடிவிட்டது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்புகள் எல்லாம் பின்னால் போய், புள்ளி வட்டங்களைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, என்ர கதையை எனக்கே வாசிக்க ஏலாமல் கிடக்கு!"

"பயப்படாதீங்க டீச்சர். நூல்ல பிழை இல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியல்ல."

காமிலா விண்டோஸ் சீடியைப் போட்டுத் தமிழுக்கான வசதியைச் சேர்த்தாள். கணினி அணைந்து எழுந்தபோது கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்திருந்தன. துவாரகா முதல் பக்கத்தை உரத்தே வாசித்துவிட்டாள்.

"இனி இதைப் பிரிண்ட் எடுத்துத் தாங்கோ."

அச்சிடும் பொத்தான் மங்கிக் கிடந்தது. ஒரு வரியைக்கூடக் கொப்பி எடுக்க முடியவில்லை. கோப்பைச் சீடியில் பதிந்து பக்கத்துக் கணினியில் போட்டால் நூல் திறக்கவே மறுத்தது.

"களவாக் கொப்பி எடுக்காம இருக்கப் பூட்டு போட்டிருக்காங்க டீச்சர். இனி இது இந்தப் பெட்டியில மட்டும்தான் திறக்கும்."

"எழுதினவளுக்குமா பூட்டு?"

"நீங்கதான் எழுதினீங்கண்டு அதுக்கு எப்படித் தெரியும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் போட்டார்கள். வெள்ளி காலை துவாரகா மறுபடி கடைக்கு வந்து பார்த்தபோதும் பதில் இல்லை. பிள்ளைகள் முன் வெறுங்கையோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்த காமிலா வயர்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"நூல் பெட்டியை விட்டு வராதெண்டா, பெட்டியே வரட்டும்!"

திரையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரும், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காமிலாவும் ஜெயராசாவின் ஆட்டோவில் ஏறினார்கள்.

"என்னங்க, டிவியா?" என்றார் ஜெயராசா.

"இல்ல, புத்தகம்" என்றாள் காமிலா.

"இவ்வளவு பெரிய புத்தகமாங்க?" என்று வியந்தவர், ஒவ்வொரு வளைவிலும் ஆட்டோவை நடக்கவிட்டார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் காமிலா எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பின்வரிசையில் இருந்த தாய்மாருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக வாசித்தார்கள். தன் பெயர் வந்ததும் மேனுஷா துள்ளினாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன், பாருங்க!"

எல்லாரும் எழுந்து திரையருகே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஜெயராசா நின்றார். மணி அடித்தது, யாரும் அசையவில்லை.

"அடுத்ததையும் வாசிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஒரு தாய்.

கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதையே மறந்த காமிலா அடுத்த பக்கத்துக்குப் போனாள்.