பட்டியலில் இல்லாத மருந்து

1992இல் எங்கள் குடாநாட்டைக் கொழும்பும் இயக்கமுமாக இரண்டு அரசாங்கங்கள் ஆண்டன. ஆகவே சட்டத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும்தான் பஞ்சம்.

அம்மாவின் புற்றுநோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. வலி வந்தால் போர்வையைக் கடித்துக்கொள்வார். வகுப்பறையில் சத்தம் போடாதே என்று பிள்ளைகளை அடக்கியவர், தானும் சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கடும் வலிக்குப் போடும் பெதடின் ஊசி முடிந்து கனநாள். தலையிடிக்குப் போடும் பனடோல் குளிசை இருந்தது.

ஜெர்மனியிலிருந்து அன்புராஜா அண்ணை ஒரு பெட்டி ஊசிமருந்து அனுப்பினார். பிரிட்ரமைட். அங்கே சத்திரசிகிச்சைக்குப் பின் வலிக்குப் போடுவார்களாம். கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த சுகிர்தம் மாமியிடம் சோதனைச்சாவடிச் சிப்பாய் பற்றரியையும் மெழுகுதிரியையும் பறித்துக்கொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். குடாநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடாத சாமான்களின் தடைப்பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

டாக்குத்தர் சீவரத்தினமும் ஒரு பட்டியல் பார்த்தார். அனுமதித்த மருந்துகளின் பட்டியல். அதிலும் இல்லை. பெதடின் போலச் செயற்கையாகச் செய்ததுதான், கட்டுப்பாடுகளோடு டாக்குத்தர்மார் போடலாம் என்று, இரசாயனம் படித்த துணிவில், நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

“விளங்குது தங்கச்சி. ஆனால் பதியாத போதைமருந்தைப் போட்டால் கொழும்பு என்ரை லைசன்ஸைப் பறிக்கும். இயக்கம் என்னையே கொண்டுபோகும்.”

பெதடின் இருந்தால் இப்போதே போடுவேன் என்றும் சொன்னார். இல்லாத மருந்துக்குச் சட்டத்தில் தடையில்லை. சண்டை பிடிக்கும் இரண்டு அரசாங்கங்களும் அம்மாவின் வலியில் ஒற்றுமைப்பட்டிருந்தன. சமாதானப் பேச்சை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

மறுநாள் அம்மா முதல்முறையாகக் கத்தினார். பக்கத்து வளவில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த மாட்டு டாக்குத்தர் மார்க்கண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குப்போட்டு வைத்திருந்த அளவையும் காட்டினேன். அவர் மறுபடி கணக்குப்போட்டு, அதில் பாதியை எடுத்தார்.

“உங்களுக்குப் பிரச்சினை வராதோ?”

“என்ரை சட்டம் மாடு, ஆடு, கோழிக்கு. நேசம்மா ரீச்சரைப் பற்றி அதிலை ஒண்டும் இல்லை.”

அம்மா போர்வையை வாயிலிருந்து எடுத்தார். “பசுவெண்டே நினையும் மார்க்கண்டு. கெதியாப் போடும்.”

பின்னேரம் டாக்குத்தர் சீவரத்தினம் சைக்கிளில் பார்க்க வந்தார். அம்மா வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். என்ன கொடுத்தீர் என்று கேட்டார். பனடோல் என்றேன். அவர் நாடி பிடித்தார், மூச்சைக் கவனித்தார், ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல பனடோல்,” என்றார். “நாளைக்கும் உந்த அளவே போடச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லவேண்டாம்.”