நீக்கப்பட்ட பதினான்கு விநாடிகள்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து ஐம்பதுக்கு, ரயில் நிலையத்தின் பின்பக்கம் உள்ள பதினோரு மாடிக் குடியிருப்பில், இடதுபக்க லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்காமல் அரை மாடி நழுவி நின்றது. உள்ளே இருந்த பெண்மணிக்குக் கணுக்கால் முறிந்தது.

அந்த லிஃப்டை அன்று பராமரித்த மெக்கானிக், வியாழக்கிழமை பிற்பகல், மனைவியோடு ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனியில் விசாரணை. பிரேக்கைச் சோதிக்காமல் லிஃப்டை ஓடவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும், உரிமமும் போகும். உரிமம் இல்லாத லிஃப்ட் மெக்கானிக்கை எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்கவிடாது.

சோதிக்கவில்லை என்பது உண்மைதான். சோதிக்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னதும் உண்மை என்றார் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை நாலு பன்னிரண்டுக்கு ஒரு குரல் செய்தி வந்தது, பதினான்கு விநாடி. குடியிருப்பவர்கள் கத்துகிறார்கள், பிரேக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், லிஃப்டை ஓடவிடு. மொட்டைமாடி இயந்திர அறையில் தனியாக நின்று அதைக் கேட்டார். இரவு ஏழு மணிக்குப் பார்த்தபோது அந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் இருந்தது. சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த விளக்கம் வேறு: வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆடியோ தவறிப் போய்விட்டது, அந்த நிமிஷமே அழித்துவிட்டேன்.

மெக்கானிக்குக்கு எதிராக அவருடைய கையெழுத்தே இருந்தது. வேலைத்தாள் கீழ்த்தளத்தில், காவலாளியின் மேசையில் இருக்கும், வேலை மொட்டைமாடியில். லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு கையெழுத்துக்காகப் பதினோரு மாடி இறங்கி ஏற யாருக்கும் கால் வராது. அதனால் உள்ளே நுழையும்போதே எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு மேலே போவது அந்தக் கம்பெனி மெக்கானிக்குகளின் வழக்கம். ‘பிரேக்’ என்ற கட்டத்திலும் டிக் இருந்தது.

கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றார்கள். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு போனைப் புரட்டினார்.

“பேக்கப் எத்தனை மணிக்கு எடுக்குது?”

“தெரியலப்பா. அதுவா எடுத்துக்கும்.”

“ராத்திரி ரெண்டு மணிக்குண்ணே. உங்க செய்தி சாயங்காலம் வந்திருக்கு, ராத்திரிக்குள்ள அழிச்சுட்டாங்க. அது பேக்கப்புக்குப் போகவே இல்ல. பஸ்ஸுல ஏறாத ஆளை ஏன் இறங்கலன்னு தேடுறீங்க.”

“பழசையெல்லாம் எடுத்துக் குடுக்கும்னு ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம் போட்டிருக்கானே?”

“முடி வளரும்னுகூடத்தான் போட்டிருக்கான்.” டாக்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். “பேட்டரி ஏண்ணே இப்படி இறங்குது? பின்னாடி ஏதாவது ஆப் ஓடுதா?”

“அது ஒரு வருஷமா அப்படித்தான். பழைய போன்தானே.”

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

தொழிற்சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மெக்கானிக் மனைவியின் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இதுல கண்காணிப்பு ஆப் ஒண்ணு இருக்கு. ‘சிஸ்டம் சர்வீஸ்’னு பேர் வச்சு ஒளிஞ்சிருக்கு. நீங்க போட்டதா?”

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கென்ன, நான் எதையும் பாக்கல. ஆனா அதுல அந்த ஆடியோ இருக்கும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. இந்த மலிவு ஆப்புக்குக் கண்ணுதான் இருக்கு, காது கிடையாது. செய்தி ஆப்பைத் திறக்கும்போது திரையில என்ன தெரியுதோ, அதை ஒரு படம் எடுக்கும். அவ்வளவுதான்.”

பதின்மூன்று மாதத்துக்கு முன்னால் அவள்தான் அதைப் போட்டாள். அப்போது அவர் சாப்பிடும்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டால் “வேலை” என்றார். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள், குடுவைகளைக் கழுவும்போதெல்லாம் அதையே நினைத்தாள். அவளுடைய அக்காதான் வழி சொன்னாள். முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது: அது வேலைதான். மூன்றாவது மாடிக் கதவு மூடவில்லை, சந்தை பக்கத்துக் கட்டடத்தில் பொத்தான் வேலை செய்யவில்லை, கிரீஸ் தீர்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாளுக்கு நாலு தடவை திறந்து பார்த்தாள். நகரத்தில் எந்த லிஃப்ட் எப்போது மக்கர் செய்யும் என்று சூப்பர்வைசருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த விபத்துக்குப் பிறகுதான் இரண்டு நாளாக அதைத் திறக்கப் பயந்தாள்.

மெக்கானிக் திரும்பி வந்து போனைக் கொடுத்ததும் அவள் கிளம்பினாள். “நீங்க முன்னாடி போங்க. நான் மருந்துக்கடைக்குப் போயிட்டு வர்றேன்.”

மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடையில் நின்று தன் போனைத் திறந்தாள். மார்ச் நான்கு. நாலு பன்னிரண்டுக்கு ஒரு படம்: சூப்பர்வைசரின் பெயர், மைக் சின்னம், பதினான்கு விநாடி. அழுத்திப் பார்த்தாள். படத்தை எத்தனை முறை அழுத்தினாலும் அது பேசாது. கணவர் அதற்குப் பதில் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அடுத்த படம் ஐந்து ஐம்பத்து நான்கு. அதில் உரையாடல்களின் பட்டியல் தெரிந்தது. மேல் வரியில் காவலாளி: ‘லிஃப்ட் நழுவிடுச்சு உடனே வாங்க’, நேரம் 5:52. அதற்குக் கீழ் வரியில் சூப்பர்வைசரின் அதே குரல் செய்தி, அழியாமல்.

இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவள் ஏறவில்லை. அக்காவை அழைத்தாள்.

“விபத்துக்கு அப்புறமும் அது அழியலக்கா. அந்த நிமிஷமே அழிச்சேன்னு அந்த ஆள் எழுதிக் குடுத்தது பொய்.”

“அப்ப நல்லதுதானேடி. குடு.”

“எப்படிக் குடுக்குறது? எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேப்பாரே.”

“காவலாளி எடுத்ததுன்னு சொல்லு.”

“அவர் போன் திரைக்கா. காவலாளி எங்கேயிருந்து எடுப்பான்?”

“ஒரு தடவை பாத்தா மனசு ஆறும்னு சொன்னேன். வருஷம் பூரா உக்காந்து படிக்கச் சொன்னேனா?”

“நீ வை போனை.”

அவள் வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தே கால். மெக்கானிக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். நாளைக்குப் போடும் சட்டையை எடுத்து வைத்தார், அது வேண்டாம் என்று வேறொன்றை எடுத்தார்.

“மருந்து எங்க?”

“வாங்கல. என்னங்க, கொஞ்சம் உக்காருங்க.”

“உக்கார முடியல. சொல்லு.”

அவள் போனை நீட்டினாள். அவர் முதலில் படத்தை மட்டும்தான் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். “ஐயோ, இருக்கே! அஞ்சு அம்பத்தி நாலு… இதப் பாரேன்! டாக்டர் எடுத்துட்டாரா?” என்றார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு அது தன் போன் அல்ல என்பதைக் கவனித்தார். விரலால் தள்ளினார். முந்தைய நாள், அதற்கு முந்தைய நாள், போன மாதம் என்று வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் நின்றார்.

“இது எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ தம்பிகிட்ட நான் புலம்பினது.”

“ஆமா.”

“அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப என்ன ஆச்சுன்னு கேட்டியே. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?”

“தெரியும்.”

“எத்தனை நாளா?”

“பதின்மூணு மாசம்.”

“என்னத்தைக் கண்டுபிடிச்ச?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததைப் பதின்மூணு மாசமா பாத்தியா?”

அவர் போனை மேசையில் வைத்தார். சட்டையை எடுத்து மாட்டினார், பொத்தான் மாறிப் போட்டார், கழற்றினார்.

“இதை நாளைக்குக் காட்ட முடியாது. நாலு பேர் முன்னாடி, பொண்டாட்டி என்னை வேவு பாத்தாங்கிறதை நான் என் வாயால சொல்லணுமா?”

“நீங்க சொல்ல வேண்டாம். நான் வர்றேன். நானே சொல்றேன்.”

“சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். உரிமம் போனா சிரிக்கக்கூட யாரும் வரமாட்டாங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றிரவு தம்பி வீட்டிலிருந்து, காலை பத்தரைக்குக் கம்பெனி வாசலுக்கு வந்துவிடு என்று ஒரு வரி அனுப்பினார். அதைத் தன் போனிலேயே பார்த்த பிறகும் அவள், பழக்கத்தில் ஆப்பைத் திறந்து அங்கேயும் தேடினாள்.

விசாரணை அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. மூன்று பேர் குழு. நடுவில் பாதுகாப்பு அதிகாரி அம்மாள். சூப்பர்வைசர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“மேடம், இதெல்லாம் இப்ப செல்போன்லயே தயார் பண்ணலாம். நேத்து உக்காந்து செஞ்சிருப்பாரு.”

அதிகாரி மனைவியைப் பார்த்தார். “இந்த ஆப்பை நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“அவர் மேல சந்தேகம்.”

சங்கத்து ஆள் இருமினார். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இருக்கிறது அவருக்குத் தெரியுமா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரியாது.”

அதிகாரி அவளிடம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, அலுவலகக் கணினியில் தானே திறந்தார். செவ்வாய்க்கிழமை மாலையே படம் ஆப் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது; நேரம் ஐந்து ஐம்பத்தைந்து. பதின்மூன்று மாதப் படங்களும் வரிசையாக இருந்தன. அதிகாரி மற்றவற்றைத் திறக்காமல் மூடினார்.

“தெரியாத ஒண்ணுல அவர் எப்படி முன்கூட்டியே போலி செய்வார்?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். “அந்த நிமிஷமே அழிச்சேன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒண்ணேமுக்கால் மணி நேரம் கழிச்சும் இருக்கே. அந்த ஆடியோவுல என்ன இருந்துச்சு?”

“என் பொண்ணு பாடின பாட்டு மேடம்.”

“வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுன்னு எழுதியிருக்கீங்க. வீட்டுல பாடின பாட்டை வீட்டுக்கேவா?”

அவர் தண்ணீர் கேட்டார்.

அந்தப் பதினான்கு விநாடியில் என்ன சொல்லப்பட்டது என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. முடிவு மார்ச் பத்தொன்பதாம் தேதி எழுத்தில் வந்தது. பொய் விளக்கம் கொடுத்ததற்காகச் சூப்பர்வைசர் பணிநீக்கம் செய்யப்பட்டார். சோதிக்காமல் கையெழுத்திட்டதற்காக மெக்கானிக் மூன்று மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார்; உரிமம் ரத்தாகவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் தம்பி வீட்டில் இருந்தார். ஜூன் பத்தொன்பதாம் தேதி வேலைக்குத் திரும்பினார். இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.