மாஸ்டர் மாத்திரை சாப்பிட்ட ஆடி மாதம்

திண்டிவனம் வட்டாரத்தில் கல்யாணச் சமையலுக்குக் கோதண்டபாணி மாஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அண்டாவுக்கு முன்னால் நின்றவர். மாசியில் ஒரு முகூர்த்தத்தன்று, சாம்பாருக்குத் தாளித்துக் கொட்டும் நேரத்தில், அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை சில்லிட்டது. பனியன் நனைய வியர்த்தது. சாகப்போகிறோம் என்று முடிவு செய்து, "பாயசத்துக்கு முந்திரி இன்னும் போடல" என்று உதவி மாஸ்டர் மணிமாறனிடம் சொல்லிவிட்டு அரிசி மூட்டைமேல் படுத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அழுது முடித்திருந்தார்கள்.

அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது. மூன்று ஈசிஜி எடுத்தார். மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதைப் பார்த்த டாக்டர், விழுப்புரத்தில் ஒரு மனநல டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"நெஞ்சு அடிக்குதுன்னு போனா தலையப் பாத்துக்கோன்னு அனுப்புறான்" என்று பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும் வரை மனைவி செந்தாமரையிடம் புலம்பிக்கொண்டே வந்தார் மாஸ்டர்.

டாக்டர் இளவரசிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம், பயம், சாப்பாடு என்று அரை மணி நேரம் கேட்டார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. பேசினார், எழுதினார், இது திடீர் பயத்தால் வரும் படபடப்பு, தினம் ஒரு மாத்திரை என்றார். மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த மாத்திரைய நீங்க சாப்பிட்டுப் பாத்துருக்கீங்களா மேடம்?"

"இல்லைங்க."

"நான் ஒரு கரண்டி ரசம்கூட ருசி பாக்காம பந்திக்கு அனுப்ப மாட்டேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நியாயம்தான். ஆனா பிரசவம் பாக்குற டாக்டருங்க எல்லாருமா புள்ள பெத்துட்டு வர்றாங்க?"

மாஸ்டர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சந்தேகம் மட்டும் இன்னும் கூடியது.

மணிமாறன் அதற்கு எண்ணெய் ஊற்றினான். "அது பழகிடும் மாஸ்டர். அப்புறம் வுடவே முடியாது. ஆளு மரக்கட்ட மாதிரி ஆயிடுவான்னு எங்க வாட்ஸப் குரூப்புல போட்டிருக்காங்க." வெண்டைக்காய் ஊறின தண்ணீர் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று போட்டதும் அதே குரூப்தான். மாஸ்டர் அதை நம்பியதில்லை. இதை நம்பினார்.

தினமும் சாப்பிட்டதும் செந்தாமரை மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைப்பாள். மாஸ்டர் மாத்திரையை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிப்பார். பத்தாவது நாள் கேசரிக்கு ஏலக்காய் எடுக்கப்போன செந்தாமரை, டப்பாவுக்குள் ஒன்பது மாத்திரைகளைக் கண்டாள். டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். ஒரு வாய் சாம்பார் சோறு உள்ளே போனதும் மாஸ்டர் நிறுத்தினார்.

"இதுல இன்னா போட்ட?"

செந்தாமரை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "பெருங்காயம் வேற கம்பெனிங்க. பழசு தீந்துபோச்சு."

"பெருங்காயத்துக்கா கரண்டி வுழுது?"

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. "நீங்க மாத்திரைய ஒளிச்சி வெக்கிறதப் பாத்துட்டேன். நசுக்கி ரசத்துல கலந்துடட்டுமான்னு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கலக்கலங்க. சத்தியமா பெருங்காயம்தான்."

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். கட்டின மனைவி, அதுவும் ரசத்தில். அப்புறம் கேட்டார். "அவங்க இன்னா சொன்னாங்க?"

"என்னத் திட்டுனாங்க. அவருக்குத் தெரியாம ஒரு சிட்டிககூடக் குடுக்கக் கூடாது, சாப்பிட இஷ்டமில்லன்னா எங்கிட்ட நேரா வந்து சண்ட போடச் சொல்லுங்கன்னாங்க."

"வேணாம்னு சொல்லலாமாமா?"

"சொல்லலாமாம்."

மாஸ்டர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். "பெருங்காயம் பரவால்ல" என்றார்.

சண்டை போடத்தான் விழுப்புரம் போனார். மளிகை லிஸ்ட் மாதிரி வரிசையாகக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சில தூக்க மாத்திரைகள் பழகிப்போகும், இது அந்த வகை இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. முதலில் வயிற்றைப் புரட்டும், வாய் காயும், சிலருக்கு ருசி கொஞ்சம் மாறும்.

"ருசியா?" மாஸ்டர் எழுந்துவிட்டார். "இத ஏன் போன வாட்டி சொல்லல?"

"சொல்லியிருக்கணும். சமையல் வேலன்னு எழுதிக்கினேன், ஆனா யோசிக்கல. என் தப்புதான் மாஸ்டர்."

தப்பு என்று ஒரு டாக்டர் சொல்லி மாஸ்டர் கேட்டதில்லை. உட்கார்ந்தார்.

"ஆடி பொறக்கட்டும் மேடம். ஆடில முகூர்த்தம் கெடையாது. நாக்கு போனாலும் பந்தி தப்பிச்சிக்கும்."

ஆடி முதல் தேதி, டாக்டர் சொன்னபடி பாதி மாத்திரையில் ஆரம்பித்தார். முதல் வாரம் குமட்டியது. இரண்டாவது வாரம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வருடா வருடம் கேப்பைக் கூழ் காய்ச்சுவது மாஸ்டர்தான். உப்புப் போட்டார், ருசி பார்த்தார், போதவில்லை என்று இன்னும் போட்டார். ஜனங்கள் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாகீது மாஸ்டர்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு நேராகக் குழாயடியில் போய் வரிசையில் நின்றார்கள்.

மணிமாறன்தான் சொம்போடு திரும்பி வந்தான். "இன்னா மாஸ்டர், மரக்காணத்து உப்பளத்தையே அள்ளிக்கினு வந்து கொட்டிட்டீங்களா?"

கோயில் வாசலிலேயே நின்று மாஸ்டர் போன் போட்டார். "மேடம், உப்பு தெரியல."

"பயப்படாதீங்க, பெரும்பாலும் கொஞ்ச நாள்ல சரியாயிடும். சரியாவலன்னா வேற மாத்திரைக்கு மாத்திடலாம். அதுவரைக்கும் வேற யாரையாவது ருசி பாக்கச் சொல்லுங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? இருபத்தெட்டு வருடமாகத் தன் சமையலில் அவர் சொல்லும் குற்றத்தைக் கேட்டே பழகிய செந்தாமரை, ஒரு டீஸ்பூனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "காரம் ஏறல." "புளி பச்ச வாட அடிக்குது." "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்." எதையும் அவள் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாக, கண்ணை மூடிச் சப்புக்கொட்டிவிட்டுச் சொன்னாள்.

ஆவணி முதல் முகூர்த்தம் ஒலக்கூரில். பொங்கல் இறக்கும் நேரத்தில் மாஸ்டரின் நெஞ்சு லேசாகத் தட்டியது. அண்டாவின் பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவாக மூச்சு விட்டார். சாகப்போவதாக இந்த முறை தோன்றவில்லை. இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. யாரும் கவனிக்கவும் இல்லை.

அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டுப்புடவையில் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். மண்டபத்துக்காரர் அவளுக்குத் தனியாகக் காபி கொடுத்து அனுப்பியிருந்தார். மாஸ்டரின் நாக்கு திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு கரண்டி சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போய் அவளிடம் நீட்டிவிட்டு, அவள் ருசி பார்த்துக் கண்ணைத் திறக்கும் வரை காத்து நின்றார்.