கூடத்தில் எழும்பிய மலை

பாறையின் வீட்டுக் கூடத்தில் மலை முளைத்ததற்கு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "கால் தடுக்குது, பாத்துப் போ" என்று அம்மா சொன்னதோடு சரி.

பாறை என்பது தோழிகள் வைத்த பட்டப்பெயர். சில மலைத்தொடர்கள் ஏன் வில் மாதிரி வளைந்து கிடக்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு நிலத்துண்டுகள் நெருங்கினால் நடுவிலுள்ள கடல் மூடிக்கொள்ளும். அடித்தரை சுருங்கி, மடிந்து, மலையாக ஏறும். அதுவரை சரி. அந்த மலை வளைந்தே பிறக்கிறதா, நேராகப் பிறந்து அப்புறம் வளைகிறதா? அதைக் காட்டத்தான் ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் வண்ண மணலை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒரு பலகையை மோட்டார் வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மணல் மலை ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராகவே வந்து தொலைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வளைஞ்ச மலையக் காட்டு. இல்லன்னா தொட்டியக் கழுவி வெச்சிட்டு வேற பொழப்பப் பாரு" என்று சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியை.

வீட்டிலோ அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. ஆளில்லாத கூடத்தில் ஃபேனை ஓடவிட்டது யார் என்பதில் ஆரம்பித்த சண்டை. அப்பா அச்சுப்பிழை திருத்துபவர். கூடத்தின் ஒரு பக்கம் அவருடைய அகராதிகள் நிரம்பிய இரும்பு அலமாரி. அம்மா தையல்காரர், எதிர்ப்பக்கம் அவருடைய துணி வெட்டும் மேசை. கோபம் வரும்போதெல்லாம் அப்பா அலமாரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுவார். பதிலுக்கு அம்மா மேசையைத் தள்ளுவார். நடுவே விரித்திருந்த கோடு போட்ட கம்பளம் போக்கிடமில்லாமல் மடிந்து, முதலில் முழங்கால் உயரம், அப்புறம் மார்பு உயரம் என்று ஏறிவிட்டது.

அதற்கப்புறம் அது கம்பளம் மாதிரியே நடந்துகொள்ளவில்லை. உச்சியில் மூடுபனி. ஏசிக் காற்று அம்மா பக்கத்துச் சரிவில் மோதி அங்கேயே தூறலாக விழுந்தது. வெட்டி வைத்த துணியெல்லாம் நமுத்துப் போயிற்று. மறுபக்கம் ஒரு சொட்டு இல்லை. அப்பாவுக்கு உதடு வெடித்தது.

"மழையக்கூட உங்கம்மா வளைச்சுப் போட்டுக்கிட்டா, பாத்தியா?"

"அந்த மூஞ்சிக்கு மழை ஒண்ணுதான் கேடு!" என்று மலைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

பாறையின் கண்ணோ கம்பளத்தின் கோடுகளில்தான் இருந்தது. யார் பங்கு என்று தீராமல் கூடத்தின் நட்டநடுவே ஃபிரிட்ஜ் அசையாமல் நின்றது. மலையின் நடுப்பகுதி அதில் முட்டி நின்றுவிட, இரண்டு ஓரங்களும் அதைத் தாண்டி முன்னேறியிருந்தன. நேராக நெய்த கோடுகள் மலையோடு சேர்ந்து திரும்பியிருந்தன. அப்படியென்றால் நேராகப் பிறந்து பிறகு வளைந்த மலை! தொட்டியில் இல்லாமல் போனது வழிமறிக்க ஒரு முரட்டு ஜடம்தான். பாறை ஃபிரிட்ஜுக்கு முத்தம் கொடுத்தாள். இடது ஓரம் மட்டும் இன்னும் ஒரு சாண் திரும்பினால் போதும்.

வியாழக்கிழமை அம்மா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்கப்பா ராத்திரியெல்லாம் இருமினாருடி. மேசையக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கவா?"

"அய்யோ அம்மா, நாளைக்கு வரைக்கும் சமாதானம் ஆயிடாதீங்க! என் படிப்பே போயிடும்!"

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அம்மா, மலை உச்சியில் முகவாயை வைத்து அப்பாவைக் கூப்பிட்டார். "ஏங்க, பொண்ணோட படிப்புக்கு நாம இன்னும் கொஞ்சம் சண்டை போடணுமாம்."

"போட்டாப் போச்சு. நீ ஆரம்பி."

"இல்லங்க, நீங்களே ஆரம்பிங்க."

இருவரும் படு மரியாதையாகத் தள்ளினார்கள். மலை அசையவில்லை.

"இதுல கோபமே இல்லையேப்பா!" என்று பாறை தலையில் அடித்துக்கொண்டாள்.

"எப்படி வரும்? ஃபேன் விஷயத்துல உங்கம்மாவ நான் என்னிக்கோ மன்னிச்சுட்டேனே."

மலைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் கீழே வைக்கப்பட்டது.

"நீங்க... என்னைய... மன்னிச்சீங்களா?"

மேசை வந்த வேகத்தில் அலமாரியிலிருந்து அகராதிகள் பொலபொலவென்று சரிந்தன. அப்பா முதுகைக் கொடுத்து அலமாரியைத் திருப்பித் தள்ளினார். கூடம் கிடுகிடுத்தது. இடது ஓரம் ஒரு சாண் என்ன, ஒரு முழமே திரும்பியது.

வெள்ளிக்கிழமை பேராசிரியை மலையேறும் பூட்ஸும் சுத்தியலுமாக வந்தார். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கோட்டின் கோணமாக அளந்துகொண்டே வந்தார். பாறை எழுதிக்கொண்டே வந்தாள்.

"பிரமாதம்! வெளியிலேர்ந்து தேர்வாளர் வந்து பாக்கற வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது."

"எப்ப வருவாரு மேடம்?"

"அடுத்த வருஷம் வரலாம்."

அப்போது உச்சியின் மூடுபனிக்குள் ஒரு கை தெரிந்தது. நேற்றைய மோதலில் தன் பக்கம் விழுந்த அப்பாவின் கண்ணாடியை அம்மா நீட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமிருந்து அப்பாவின் கை துழாவியது.

"எட்டலங்க."

"இன்னும் கொஞ்சம் குனி."

"இதுக்கு மேல குனிஞ்சா இடுப்பு போயிடும்."

இரண்டு கைகளுக்கும் நடுவில் மலை மட்டும் இருந்தது. இடது ஓரம் இன்னும் அளக்கவில்லை. பாறை பேனாவை மூடினாள்.

"அம்மா, மேசையப் பின்னால இழு. அப்பா, நகருங்க, நான் அலமாரியப் பிடிக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு?" பேராசிரியை ஒரே தாவில் உச்சியில் ஏறி, குதிரைமேல் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டார். "இடது ஓரம் இல்லாம பாதி ஆதாரம்தான் இருக்கு! பாதிக்கு எவன் பட்டம் குடுப்பான்?"

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க மேடம்."

அலமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது. மலை பெருமூச்சு விட்டு இறங்க ஆரம்பித்தது, பேராசிரியையோடு சேர்த்து. அவர் இறங்கிக்கொண்டே கோணமானியை இடது ஓரத்துக்கு நேராக நீட்டினார்.

"எழுதிக்கோ! நாப்பது... இல்ல, முப்பத்தஞ்சு... சீக்கிரம் எழுதித் தொலையேன்!"

பாறையின் இரண்டு கைகளும் அலமாரியில் இருந்தன.