வளையல் இல்லாத கை

"மரகதம், நீ சமையல்கட்டுலயே இரு. ஆட்டோ தெருமுனை தாண்டட்டும், அப்புறமா வெளிய வா."

காந்தா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். மருமகள் ஷில்பாவுக்கு நேற்று மதியம் பிடித்த வலி, விடிந்தும் விட்டபாடில்லை. பிரசவத்துக்குக் கிளம்பும்போது தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதாம். அந்தத் தாலியறுத்தவள் யார்? ஷில்பாவின் கூடப்பிறந்த அக்கா. அம்மா போனபிறகு தங்கைக்குத் தலைபின்னி, படிக்கவைத்து, இந்த வீட்டுக்கே கட்டிக்கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

"அக்கா வரலன்னா நான் வண்டி ஏறமாட்டேன்" என்றாள் ஷில்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"ஏறாம? இந்த ஈஜிபுரா சந்துலயே பெத்துக்கப் போறியா?"

ஷில்பாவின் புருஷன் விக்கிதான் ஆட்டோக்காரன். அவன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் பத்திரமாக மீட்டரைப் பார்த்தான்.

"நீ போ ஷில்பா. நான் பஸ் புடிச்சு வந்துடறேன்" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். அதற்கான சீட்டைக் காந்தா வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். குழந்தை கண் திறந்ததும் சுமங்கலி முகத்தைத்தான் பார்க்கவேண்டும் என்பது அவள் கட்சி. அதற்கென்றே இரண்டு கையிலும் டஜன் டஜனாகப் புதுக் கண்ணாடி வளையல்.

நர்ஸ் மமதா கன்னடக்காரி. தமிழும் தாராளமாகப் பேசுவாள். ஷில்பாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் குழந்தை சொகமா மல்லாந்து படுத்திருக்கு. அதோட முதுகு உன் முதுகுல இடிக்குது. அதான் வலியெல்லாம் இடுப்புல. ஸ்வல்ப நேரம் ஆகும். படுக்காதம்மா, கட்டிலைப் புடிச்சு முன்னால சாஞ்சு நில்லு. வலி வர்றப்போ யாராச்சும் இங்க நல்லா அழுத்தணும்."

காந்தா அழுத்தினாள்.

"அத்தை, வளையல் குத்துது."

வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அடுத்த வலிக்கு அவை சரசரவென்று இறங்கின. அதற்கடுத்த வலிக்கு இரண்டு உடைந்து விழுந்தன.

"கழட்டி வெச்சிடுங்களேன்" என்றாள் மமதா, சில்லைப் பொறுக்கியபடி.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ வெறுங்கையா நிக்கச் சொல்றியா?"

மத்தியானத்துக்குள் காந்தாவின் மணிக்கட்டு விட்டுப்போனது. ஷில்பாவுக்கோ பொறுமை விட்டுப்போனது. "எங்க அக்காவ அனுப்புங்க அத்தை. ஹாஸ்டல் மெஸ்ல தெனம் முன்னூறு சப்பாத்திக்கு மாவு பிசையற கை அது."

காந்தா சீட்டை எடுத்து நீட்டினாள், நிபந்தனையோடு. "தலை தெரியறப்போ என்னைக் கூப்பிட்டுடணும்."

பஸ்ஸில் வந்து வெளியே காத்திருந்த மரகதம் உள்ளே வந்தாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தங்கையின் இடுப்பில் வைத்து அழுத்தினாள். ஷில்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஐயோ அக்கா, என்னை மாவுன்னு நெனச்சுட்டியா?"

"மாவு இவ்ளோ பேசாதுடி."

வலியோடு வலியாக ஷில்பா சிரித்துவிட்டாள். இன்னும் நான்கு மணிநேரம் அப்படியே போயிற்று. வலி வரும், கை அழுத்தும், வலி போகும், அக்காவும் தங்கையும் மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

குழந்தை கடைசிவரை திரும்பவே இல்லை. தலை தெரிந்தபோது காந்தாவைக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. ஷில்பா அக்காவின் மணிக்கட்டை விடவுமில்லை. மல்லாந்தபடியே வந்தது பெண்குழந்தை. குனிந்திருந்த மரகதத்தை அது கண்ணை விரித்துப் பார்த்தது. மரகதம் அழுதுவிட்டாள்.

"யார மொதல்ல பாத்துச்சு?" என்று வெளியே காந்தா கேட்டாள்.

"எல்லாக் குழந்தையும் தரையப் பாத்து வரும். இது மேல பாத்துக்கிட்டே வந்துச்சு. நேரா அவங்க பெரியம்மா மூஞ்சிதான்" என்றாள் மமதா.

"லைட்டத்தான் பாத்திருக்கும்" என்று தீர்ப்பளித்துவிட்டுக் காந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது. காந்தா ஆரத்தித் தட்டோடு தயார். வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்தது. தெருவில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஷில்பாவும் மரகதமும் இறங்கி நின்றார்கள்; குழந்தை மரகதத்தின் கையில் இருந்தது.

"மரகதம், குழந்தைய அவகிட்ட குடுத்துட்டு ஓரமா நில்லு."

மரகதம் குழந்தையை நீட்டினாள். ஷில்பா வாங்கிக்கொள்ளவில்லை.

"குழந்தை அங்கயே இருக்கட்டும் அத்தை. அன்னிக்கு அந்தக் கை வேண்டியிருந்துச்சு இல்ல? சுத்தினா மூணு பேருக்கும் சேத்துச் சுத்துங்க. இல்லன்னா நாங்க ஆட்டோலயே போய் உக்காந்துக்கறோம்."

விக்கி இந்தமுறை மீட்டரைப் பார்க்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, மரகதத்தின் பக்கத்தில் வந்து நின்றான்.

கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. குழந்தைக்குச் சுற்றிவிட்டு அதைத் தூக்கியிருப்பவளை மட்டும் விட்டுவிட ஒரு வழியும் காந்தாவுக்குத் தெரியவில்லை. வளையல்கள் குலுங்க மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆரத்தி நீரில் விரலைத் தொட்டுக் குழந்தைக்கு வைத்தாள், ஷில்பாவுக்கு வைத்தாள். மூன்றாவது நெற்றிக்கு முன்னால் விரல் நின்றது. மரகதம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

காந்தா வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான்.

மரகதம் அதைத் துடைக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள்.